ஹமேட்ஸ்: பஸ்காவுக்கு முன் யூத வீட்டில் எதைத் தேடுகிறார்கள்?

"பஸ்கா வாரத்தில் யூதர்கள் புளித்தது எதையும் தொட மாட்டார்களாமே, தயிர்கூடவா?" எருசலேமில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து இந்தக் கேள்வியைப் பல பேர் கேட்டுவிட்டார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ் வேதாகமம் அந்தப் பண்டிகையைப் 'புளிப்பில்லாத அப்பப் பண்டிகை' என்கிறது. புளிப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மோர், பழைய சோறு, பொங்கி வழியும் இட்லி மாவு.

ஆனால் அந்தப் பண்டிகையின் முதல் இரவில் பெரியவர்கள் ஒவ்வொருவரும் நான்கு கோப்பை ஒயின் குடிக்க வேண்டும். அது விருப்பமல்ல, கடமை. திராட்சை நொதித்தால்தான் ஒயின். பாலாடைக்கட்டியும் தயிரும் அந்த வாரம் மேஜைக்கு வரத்தான் செய்யும். அப்படியானால் வாரக்கணக்கில் வீட்டையே புரட்டிப் போட்டு அவர்கள் வெளியேற்றுவது எதை?

அதன் பெயர் ஹமேட்ஸ். இந்த ஒரு சொல் சரியாகப் புரிந்துவிட்டால் அந்த வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும்.

இட்லி மாவும் சப்பாத்தி மாவும்

இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு. காலையில் இரண்டு மடங்காகப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்றில் சப்பாத்திக்குப் பிசைந்து, ஈரத்துணி போட்டு, அரை மணி நேரம் ஊற வைத்த கோதுமை மாவு. பொங்கவில்லை, புளிக்கவில்லை, வாசனைகூட மாறவில்லை.

இதில் எது ஹமேட்ஸ்? சப்பாத்தி மாவு. இட்லி மாவு ஹமேட்ஸ் இல்லை.

முதல்முறை கேட்டபோது எனக்கும் இது தலைகீழாகத்தான் பட்டது. யூத மதச் சட்டத்தில் ஹமேட்ஸ் என்பதன் இலக்கணம் இதுதான்: கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை இனம், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்று தண்ணீரோடு சேர்ந்து, 18 நிமிடத்துக்குள் வெந்து முடியாமல் இருந்துவிட்டால் அது ஹமேட்ஸ். தானியம், தண்ணீர், நேரம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். ஈஸ்ட் போட்டோமா, மாவு எழும்பியதா, நாக்கில் புளிக்கிறதா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. ஈஸ்ட் போட்ட கோதுமை ரொட்டி நிச்சயமாக ஹமேட்ஸ்தான். ஆனால் ஈஸ்ட் போடாததாலேயே ஒன்று தப்பித்துவிடாது.

அரிசி மாவும் பொங்குகிறதே என்று கேட்கலாம். சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் இதே கேள்வியை எடுத்துப் பேசுகிறது. ஐந்து தானியங்களுக்கு நேர்வது 'புளித்தல்', அரிசிக்கும் தினைக்கும் நேர்வது வெறும் 'கெட்டுப்போதல்' என்று அங்கே தீர்ப்பு. நுண்ணுயிரியல் படித்தவர் இந்தப் பாகுபாட்டை ஏற்க மாட்டார். ஆனால் இது உயிரியல் பாடம் இல்லையே, சட்டம். சட்டத்துக்கு எங்கோ ஓர் எல்லைக்கோடு வேண்டும்.

இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் பட்டியல் தானாக வந்துவிடும். ரொட்டி, பிஸ்கட், சேமியா, பீர், கோதுமை ரவை உப்புமா, பரோட்டா எல்லாம் ஹமேட்ஸ். வாற்கோதுமையை முளைகட்டிச் செய்யும் ஹார்லிக்ஸ் ஹமேட்ஸ். கோதுமை சேர்த்துச் செய்யும் வழக்கமான சோயா சாஸும் அப்படித்தான். தயிர், ஒயின், உப்பில் ஊறிய ஊறுகாய் எதுவும் ஹமேட்ஸ் இல்லை.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஹமேட்ஸ் என்பது ஒரு சுவையின் பெயர் அல்ல. ஐந்து தானியங்களில் ஒன்று, தண்ணீர், 18 நிமிடத்துக்கு மேல் தாமதம், அவ்வளவுதான்.

அதே மாவு, அதே தண்ணீர்

அந்த வாரம் ரொட்டிக்குப் பதிலாகச் சாப்பிடும் மொறுமொறுப்பான தட்டை அப்பத்துக்கு மட்ஸா என்று பெயர். அதையும் கோதுமை மாவிலும் தண்ணீரிலும்தான் செய்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்தத் தானியம் ஹமேட்ஸாக மாறக்கூடியதோ அந்தத் தானியத்தில்தான் மட்ஸா செய்ய வேண்டும் என்று தல்மூத் சொல்கிறது. அரிசி மாவு ரொட்டியை எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் அது மட்ஸா ஆகாது, ஏனென்றால் கெட வாய்ப்பே இல்லாததைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. தடை செய்யப்பட்ட பொருளும் கட்டாயமான பொருளும் ஒரே மாவு. நடுவில் இருப்பது நேரம் மட்டும்.

காரணம் கதையில் இருக்கிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலை கிடைத்ததும் பிசைந்த மாவு எழும்புவதற்குக்கூடக் காத்திருக்க நேரமில்லாமல் கிளம்பினார்கள் என்கிறது யாத்திராகமம். அந்த அவசரத்தைத்தான் ஆண்டுதோறும் அடுப்பில் திரும்ப நடத்துகிறார்கள். 18 நிமிடம் என்பது ஒரு 'மீல்' தூரம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், சாதாரணமாக நடக்க ஆகும் நேரம். கடிகாரம் இல்லாத காலத்தில் காலால் அளந்த அளவு.

கையால் மட்ஸா செய்யும் கூடத்தில் மாவு ஓர் அறையில், தண்ணீர் இன்னோர் அறையில். அந்தத் தண்ணீர் முந்தைய மாலை எடுத்து இரவெல்லாம் ஆற வைத்தது, ஏனென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் மாவைச் சீக்கிரம் புளிக்க வைக்கும். இரண்டும் ஒரு பாத்திரத்தில் சேர்ந்த கணம் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒருவர் பிசைய, வரிசையாக நிற்பவர்கள் கண்ணாடித்தாள் போல மெல்லியதாகத் தேய்க்க, இன்னொருவர் முள்சக்கரத்தை உருட்டி அப்பம் முழுக்கத் துளை போடுவார். உள்ளே காற்று தங்கி உப்பிவிடக் கூடாது. அப்புறம் நீண்ட கழியில் போட்டு, எரியும் அடுப்புக்குள் தள்ளி, சில நொடிகளில் வெளியே எடுத்துவிடுவார்கள். நேரம் முடிந்ததும் மேஜை விரிப்பு மாறும், குழவிகளும் மாறும். முந்தைய சுற்றின் ஒரு துளி மாவு ஒட்டியிருந்தாலும் அதற்கு 18 நிமிடம் தாண்டிவிட்டதே.

சாப்பிடாமல் இருந்தால் போதாதா?

ஏகாதசி அன்று சோறு சாப்பிடாதவர் வீட்டில் அரிசி மூட்டை இருக்கத்தான் செய்யும். விரதம் என்றால் வாயைக் கட்டுவது என்றுதான் நமக்குப் பழக்கம். ஹமேட்ஸ் விஷயத்தில் சட்டம் இன்னும் இரண்டு படி மேலே போகிறது. சாப்பிடக் கூடாது, அதனால் எந்தப் பயனும் அடையக் கூடாது, அது உங்கள் உடைமையாகவே இருக்கக் கூடாது. வேதம் இதை இரண்டு விதமாகச் சொல்கிறது: உன்னிடம் காணப்படக் கூடாது, உன் வீடுகளில் இருக்கக் கூடாது.

வீட்டைத் தலைகீழாக்கும் சுத்தம் இந்த உடைமைச் சட்டத்திலிருந்து வருகிறது. நம் போகியைப் போலத் தெரியும், ஆனால் பழையன கழிப்பது இங்கே நோக்கம் இல்லை. தீட்டும் இல்லை. ஹமேட்ஸ் அழுக்கான பொருள் அல்ல. பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை மேஜையிலும், முடிந்த அடுத்த நாளும் அதே ரொட்டிக்கு ஆசீர்வாதம் சொல்லித்தான் சாப்பிடுவார்கள்.

ஒரு மாதம் முன்னால் வரும் பூரிம் பண்டிகை முடிந்ததுமே வேலை தொடங்கிவிடும். பிள்ளைகளின் பள்ளிப்பை, கோட்டுப் பாக்கெட், சோபா மெத்தைக்கு அடியில், தள்ளுவண்டி மடிப்பு, கார் இருக்கை என ரொட்டித் துண்டோடு யாராவது உட்கார்ந்திருக்கக்கூடிய இடமெல்லாம் பார்க்கப்படும். ஜன்னல் திரை துவைப்பதும் பரணை ஒழிப்பதும் வழக்கத்தில் சேர்ந்துகொண்டவை. 'தூசி ஹமேட்ஸ் இல்லை' என்று சட்டம் அறிந்த குருமாரான ரப்பிகள் ஆண்டுதோறும் சொல்கிறார்கள். நாய்கூடத் தின்னாத அளவுக்குக் கெட்டுப்போன துண்டு அந்தப் பெயரையே இழந்துவிடும். சுத்தம் செய்து செய்து பண்டிகை இரவில் பெண்கள் மேஜையிலேயே தூங்கிவிழுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்த வாக்கியத்தை ரப்பிகள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று புரியும்.

நான் வேலை பார்த்த வீட்டு அம்மாவை எல்லாரும் 'சவ்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். எபிரேயத்தில் பாட்டி. மரபுச் சட்டத்தை நாள் முழுக்கக் கடைப்பிடிக்கும் குடும்பங்களை ஆர்த்தடாக்ஸ் என்பார்கள், அது அப்படிப்பட்ட வீடு. முதல் ஆண்டு பஸ்காவுக்குப் பத்து நாள் முன்னால் என் அறையில் இருந்த சமையல் அலமாரி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு டப்பாவாக நான் எடுத்துக் காட்ட வேண்டும்.

ரவை என்றதும் "இது எதில் செய்தது?" என்றார். கோதுமை என்றேன். வெளியே. அரிசி, உளுத்தம்பருப்பு இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்து, "இருக்கட்டும், ஆனால் இந்த வாரம் என் அடுப்பில் வேண்டாம்" என்றார். அடுத்து பெருங்காய டப்பா. அது ஒரு செடியின் வேரில் வடியும் பால் என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, அவர் டப்பாவைத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கி, சின்ன எழுத்தைப் படித்தார். கோதுமை மாவு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு சேர்ப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ரவையும் பெருங்காயமும் ஒரு பையில் ஏறி, நான்கு தெரு தள்ளி வேலை பார்த்த நம் ஊர்க்காரர் அறைக்குப் போயின. யூதர் அல்லாத என் பொருளை யூதச் சட்டம் தடுக்காது. ஆனால் ஒரே கூரையின் கீழ் கை தவறினால் என்ன ஆவது என்ற கவலை அவருக்கு.

பாத்திரம் ஏன் மாறுகிறது?

மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியில் யாரும் பால் காய்ச்ச மாட்டோம். எவ்வளவு கழுவினாலும் சட்டிக்குள் ஏதோ மிச்சமிருக்கிறது என்று நமக்குத் தெரியும். யூதச் சட்டம் இந்த அனுபவத்தையே ஒரு விதியாக்கியிருக்கிறது: சூட்டில் சமைக்கும்போது பாத்திரம் உணவின் சுவையை உள்வாங்குகிறது, அடுத்த சமையலில் வெளியே விடுகிறது. ஆகவே வருடம் முழுக்க ரவையும் சேமியாவும் வெந்த குண்டான் பஸ்காவுக்கு ஆகாது.

இரண்டு வழி உண்டு. பல வீடுகளில் பஸ்காவுக்கென்றே ஒரு தனிப் பாத்திரத் தொகுதி பரணில் இருக்கும், ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் இறங்கும். இல்லையென்றால் இருப்பதைப் பக்குவப்படுத்த வேண்டும். இதற்கு விதி: எப்படி உள்ளே போனதோ அப்படியே வெளியே வரும். கொதிநீரில் சுவை வாங்கிய எவர்சில்வர் குண்டானை நன்றாகத் தேய்த்து, 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்து, தளதளவென்று கொதிக்கும் நீரில் முக்கி எடுக்கலாம். நேரடித் தீயில் சுவை வாங்கிய கம்பியைத் தீயிலேயே பழுக்கக் காய்ச்ச வேண்டும். மண்சட்டிக்கு மட்டும் விமோசனம் கிடையாது, உள்வாங்கியதை அது முழுதாக விடாது என்பது சட்டம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மற்ற நாட்களில் தடைப்பட்ட உணவு தவறி விழுந்தால், பொதுவாக அறுபதில் ஒரு பங்குக்கு மேல் இல்லாதவரை அது இல்லாததற்குச் சமம். பஸ்கா நாட்களில் ஹமேட்ஸுக்கு இந்தச் சலுகை இல்லை, ஆயிரத்தில் ஒரு துளியானாலும் கணக்குத்தான். சமையல் மேடை முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி, சமையலறையே வெள்ளிக் கூடு போல மின்னுவது இதனால்தான்.

சுருக்கமாக: உடைமைச் சட்டத்தால் வீடு சுத்தமாகிறது, சுவைச் சட்டத்தால் பாத்திரம் மாறுகிறது.

கடைசி இரவும் மறுநாள் காலையும்

யூத நாட்காட்டி நிலவை ஒட்டியது. பருவம் தவறிப் போகாமலிருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள், நம் பஞ்சாங்கத்தின் அதிக மாதம் போல. பஸ்கா நிசான் மாதம் 15ஆம் தேதி, அதாவது பௌர்ணமியை ஒட்டி வரும். 2024-இல் ஏப்ரல் 22 மாலையிலும் 2026-இல் ஏப்ரல் 1 மாலையிலும் தொடங்கியது. மாலை என்று சொல்லக் காரணம், அவர்களுக்கு நாள் பிறப்பது சூரிய அஸ்தமனத்தில்.

அதற்கு முந்தைய இரவு நடப்பது தேடல். எபிரேயத்தில் பெதிகா. விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவர்த்தி, ஓர் இறகு, ஒரு மரக்கரண்டியோடு குடும்பத் தலைவர் அறை அறையாகப் போவார், பிள்ளைகள் பின்னாலேயே. முழுக்கச் சுத்தமான வீட்டில் தேட என்ன இருக்கிறது? அதற்காகவே காகிதத்தில் சுற்றிய பத்து ரொட்டித் துண்டுகளை முன்கூட்டியே ஒளித்து வைக்கும் வழக்கம் உண்டு. சவ்தா வீட்டில் பேரப்பிள்ளைகள் ஒளித்து வைப்பார்கள், மகன் தேடுவார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு மூலையைக் குனிந்து பார்த்து, கிடைத்த துண்டை இறகால் கரண்டிக்குள் தள்ளுவார். ஒன்பது கிடைத்து பத்தாவது கிடைக்காத ஆண்டு ஒன்று இருந்தது. ஒளித்து வைத்த சிறுவனுக்கே இடம் மறந்துபோய், பாதி ராத்திரி வரை எல்லாரும் தேடினோம். பத்து என்று எண்ணி, பட்டியல் எழுதி வையுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான்.

தேடி முடித்ததும் ஒரு வாக்குமூலம்: என் வசத்தில் நான் அறியாமல் மிஞ்சிய ஹமேட்ஸ் எதுவானாலும் அது பூமியின் தூசி போல யாருக்கும் உரியதாகாமல் போகட்டும். இதற்குப் பித்தூல் என்று பெயர், உரிமையைத் துறப்பது. அன்றைய மக்கள் பேசிய அரமேய மொழியில் இதை வகுத்தார்கள். அர்த்தம் புரியாமல் துறக்க முடியாது என்பதால், அரமேயம் தெரியாதவர் தனக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை எரிப்பு. தெருமுனைகளில் பழைய டின்களில் தீ மூட்டி, அந்தப் பத்துத் துண்டுகளையும் காலை உணவின் மிச்சத்தையும் போடுவார்கள். எருசலேம் முழுக்கப் புகை வாசனை. சாப்பிட ஒரு கெடு, எரிக்க ஒரு கெடு. அந்தக் கணக்கு நமக்கு எளிதில் புரியும்: சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை 12 பங்காகப் பிரித்து, நான்காம் பங்கு முடிவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், ஐந்தாம் பங்கு முடிவதற்குள் எரித்து முடிக்க வேண்டும். பகல் பொழுதை எட்டாகப் பிரித்து ராகு காலம் குறிப்பதைப் போலத்தான்.

விற்பனை நாடகமா?

அதிகம் கேலிக்குள்ளாவது இந்தப் பகுதி. விலையுயர்ந்த விஸ்கி, கடையிலுள்ள மூட்டை மூட்டையான மாவு இவற்றை எரிக்க முடியாது. எனவே யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றுவிடுகிறார்கள், பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்குகிறார்கள். "கண்துடைப்புதானே?" என்று கேட்பவர்கள் அதன் அமைப்பைப் பார்ப்பதில்லை.

அது உண்மையான கிரயம். ரப்பி பல குடும்பங்களின் முகவராக நின்று ஒப்பந்தம் எழுதுவார், பொருள் இருக்கும் அலமாரி வாடகைக்கு விடப்படும், வாங்குபவர் முன்பணம் கொடுப்பார், மீதி கடனாக நிற்கும். பண்டிகை நடுவில் அவர் வந்து கதவைத் தட்டி அந்த விஸ்கியைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மீதிப் பணத்தைக் கட்டி எல்லாவற்றையும் தனதாக்கிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. இஸ்ரேல் அரசு தன் கையிருப்பிலுள்ள ஹமேட்ஸையே இப்படி விற்கிறது. எருசலேம் அருகே அபூ கோஷ் ஊரைச் சேர்ந்த ஓர் அரபு முஸ்லிம் பல ஆண்டுகள் அதை வாங்கியிருக்கிறார். தேவையும் உண்மையானதே. போலந்துப் பக்கத்தில் யூதர்கள் தானியச் சாராய வியாபாரத்தில் இருந்த காலத்தில், முழு முதலையும் தெருவில் கொட்டுவது பிழைப்பையே கொட்டுவதாக இருந்திருக்கும்.

பண்டிகை நாளில் ஒரு யூதருக்குச் சொந்தமாக இருந்துவிட்ட ஹமேட்ஸ், பண்டிகை முடிந்த பிறகும் தடைதான். அதனால்தான் இந்தக் காகிதத்துக்கு இவ்வளவு மரியாதை.

அரிசிப் பஞ்சாயத்து

அரிசி ஹமேட்ஸ் இல்லை என்றால் சவ்தா ஏன் அடுப்பில் வேண்டாம் என்றார்? ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள், இடைக்காலத்தில் தொடங்கிய ஒரு வழக்கத்தால், அரிசியையும் பருப்பு வகைகளையும் அந்த நாட்களில் சாப்பிடுவதில்லை. இந்த வகைக்குக் கிட்னியோத் என்று பெயர். கோதுமையோடு கலந்துவிடலாம், மாவாக்கினால் அடையாளம் தெரியாமல் போகலாம் என்ற எச்சரிக்கைதான் காரணம். சாப்பிடத்தான் தடை, வீட்டில் வைத்திருக்கலாம். அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கு விதவிதமாக வரும். ஸ்பெயின், அரபு நாடுகளின் வழி வந்தவர்களில் பலர் அரிசியை நன்றாகப் பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்கள். கொச்சி யூதர்களுக்கும் பஸ்காவில் அரிசி உண்டு.

இங்கே பக்கத்து வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் சிரிய மரபுக் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் வீட்டில் பங்கிட்டு உண்பது பெசஹா அப்பம். அரிசியும் உளுந்தும் சேர்த்து, புளிக்க விடாமல் அவித்தது. பெயர் பஸ்காவின் சிரிய மொழி வடிவம், சேர்மானம் நம் இட்லியுடையது.

பண்டிகை இரவும் முடிவும்

இத்தனை வேலையும் போய்ச் சேருமிடம் செதர், அதாவது ஒழுங்கு. முதல் இரவின் விருந்துக்கு அந்தப் பெயர். வீட்டின் மிகச் சிறிய பிள்ளை எழுந்து "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது?" என்று கேட்கும். பதிலாக எகிப்தின் கதை சொல்லப்படும். கசப்புக் கீரை, மட்ஸா, நான்கு கோப்பை ஒயின், பாட்டு என நள்ளிரவு தாண்டும். இஸ்ரேலில் பண்டிகை 7 நாள், வெளிநாட்டில் 8.

ஏழாம் நாள் இருட்டியதும் தெருவில் ரொட்டிக் கடை முன் வரிசை நிற்கத் தொடங்கிவிட்டது. சவ்தா வீட்டில் மட்டும், விற்ற ஹமேட்ஸ் இருந்த அலமாரியை மூடி ஒட்டிய நாடா அப்படியே இருந்தது. உள்ளே இருப்பது இன்னும் வேறொருவருடையது, ரப்பி திரும்ப வாங்கி முடிக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். சவ்தா நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆனதும் நாடாவைக் கிழிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உன் பையைப் போய் எடுத்து வா. அந்த ரவையில் என்ன செய்வாய், காட்டு" என்றார்.